பொருள் வந்து சேரும்வரை பணம் காத்திருக்கட்டும்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,



முன்பின் அறியாத ஒருவரிடம் இணையத்தில் பொருள் வாங்க யுபிஐ வழியே பணம் அனுப்பிவிட்டு, பொருளும் வராமல் பணமும் திரும்பாமல் நிற்கிறவர்களின் சார்பில் இந்த மடலை எழுதுகிறோம். அவர்களில் பலர் காவல் நிலையத்தின் படி ஏறுவதில்லை. பறிபோன தொகை மூவாயிரமோ ஐயாயிரமோதான். அதற்காக வேலையை விட்டுவிட்டு அலைய முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டில் சொன்னால் பேச்சு வாங்க வேண்டும் என்று மறைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஏமாற்றுகிறவர்களின் தொழில் இந்த மௌனத்தை நம்பித்தான் நடக்கிறது.

மோசடி நடக்கும் விதம் தாங்கள் அறியாததல்ல. பழைய பொருள்களை விற்க உதவும் செயலியில் ஒரு ஸ்கூட்டர் விளம்பரம் வருகிறது. விற்கிறவர் தன்னை ராணுவ வீரர் என்கிறார். வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதால் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுவதாகச் சொல்கிறார். சீருடையில் எடுத்த படம், அடையாள அட்டை, ஆர்.சி. புத்தகம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கின்றன. முதலில் பார்சல் செலவுக்கு ஒரு தொகை கேட்பார். பிறகு, முகாமிலிருந்து வண்டியை வெளியே எடுக்க ஒரு தொகை. வண்டியை லாரியில் ஏற்றியாகிவிட்டது, மீதியையும் போட்டுவிடுங்கள் என்று கடைசியாக ஒரு தொகை. அதன் பிறகு அந்த எண் அணைந்துவிடும்.

தீபாவளி நெருங்கும்போது இதே ஆட்டம் சிவகாசிப் பட்டாசின் பெயரில் நடக்கிறது. பாதி விலைக்குப் பட்டாசு என்று சமூக வலைதளங்களில் விளம்பரம் செய்து பணத்தைச் சுருட்டும் போலி இணையதளங்களைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறது. ஏலத்தின் பெயராலும் இது நடக்கிறது. வங்கி பறிமுதல் செய்த கார் ஏலத்துக்கு வருகிறது, இன்றைக்கே முன்பணம் கட்டினால் வண்டி உங்களுக்கு என்பார்கள். வங்கிகள் நடத்தும் உண்மையான மின்னணு ஏலத்தில், ஏலம் தனக்கு விழாதவருக்கு அவர் கட்டிய முன்வைப்புத் தொகை திரும்பக் கிடைக்கிறது. வங்கியின் பெயரை மட்டும் திருடிக்கொண்ட போலி ஏலத்தில் அந்தப் பணம் போனது போனதுதான்.

ஸ்கூட்டரோ பட்டாசோ காரோ, இந்த மோசடிகளுக்கெல்லாம் துணைபோவது ஒரே ஓட்டை. யுபிஐயில் அனுப்பிய பணம் சில விநாடிகளில் எதிராளியின் கணக்கில் விழுகிறது. விழுந்த கணமே அது அவருடையதாகிவிடுகிறது. பால்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் பணம் கொடுக்க இந்த வேகம் வரம்தான். பொருள் அங்கே நம் கையில் இருக்கிறது, கடைக்காரர் நம் கண்ணெதிரில் நிற்கிறார். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும், முகம் தெரியாத ஒருவரிடம் பொருள் வாங்கும்போது அதே வேகம் திருடனுக்கு உதவுகிறது. புகார் எழுதி முடிப்பதற்குள் பணம் பிறரிடமிருந்து வாடகைக்கு எடுத்த நாலைந்து வங்கிக் கணக்குகளைத் தாண்டி ஏடிஎம்மில் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடுகிறது.

வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நம்பகமான ஒரு மூன்றாம் கை இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. அஞ்சல் துறையின் வி.பி.பி. முறையில் புத்தகம் வரவழைத்துப் படித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. பார்சல் ஊருக்கு வந்த பிறகுதான் பணம். அதையும் தபால்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். அந்த முறையிலும் ஏமாற்று நடக்கக்கூடும் என்பதை 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டம் கருத்தில் கொண்டிருந்தது. மோசடி நேர்ந்தால் வசூலித்த பணத்தை விற்றவருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைக்கவும், பெறுநருக்கே திருப்பித் தரவும் விதிகள் வகுக்க அந்தச் சட்டம் இடம் தந்தது. தந்தியும் மாட்டுவண்டியும் இருந்த காலத்தில் வாங்குகிறவருக்குச் சட்டத்தில் கிடைத்த இடம், கைபேசிக் காலத்தில் அவருக்கு இல்லாமல் போனது எப்படி?

இணைய வணிகத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஈபே நிறுவனம் 2004இல் பாஸீ.காம் தளத்தை வாங்கி இந்தியாவுக்குள் வந்தது. அதன் ‘பைசாபே’ முறையில் வாங்குகிறவர் கட்டிய பணம் நடுவில் தங்கும். பொருள் போய்ச் சேர்ந்த பிறகே விற்றவருக்குப் போகும். 2018 ஆகஸ்டில் ஈபே இந்தியா மூடப்பட்டபோது அந்த ஏற்பாடும் முடிவுக்கு வந்தது. சீனாவில் அலிபே 2003இல் தொடங்கியதே இப்படித்தான். தாவோபாவ் சந்தையில் அறிமுகமில்லாத இருவர் ஒருவரையொருவர் நம்பத் தயங்கினார்கள். பொருள் கைக்கு வரும்வரை பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் இடையாளாக அலிபே அவர்களுக்கு நடுவில் நின்றது. அந்த நம்பிக்கையின் மேல்தான் பின்னாளில் அவ்வளவு பெரிய பணம் செலுத்தும் சேவை எழுந்தது.

இனி, தங்கள் வங்கியின் விதிகளுக்கு வருகிறோம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்குப் பெரிய காப்பு. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் பிழை இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போயிருந்து, மூன்று வேலை நாள்களுக்குள் அவர் தெரிவித்தால் அவருக்கு ஒரு ரூபாயும் இழப்பு வராது என்றது அது. ஆனால் அந்தக் காப்பு, அவர் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கு மட்டுமே. ஏமாந்து தானே ரகசிய எண்ணை அழுத்தியவர் அதற்குள் வரமாட்டார். 2019 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி, யுபிஐயில் அனுப்பிய பணம் கணக்கில் கழிந்தும் எதிராளிக்குச் சேராமல் போனால் அடுத்த நாளுக்குள் அது திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இயந்திரம் தவறினால் நட்ட ஈடு கிடைக்கிறது. மனிதன் ஏமாற்றினால் இந்தச் சுற்றறிக்கைகளில் ஒன்றுமில்லை.

2020 மார்ச்சில், இணையக் கடைகளுக்காகப் பணம் திரட்டித் தரும் நிறுவனங்களுக்குத் தாங்கள் வகுத்த நெறிமுறைகள், வாடிக்கையாளரின் பணத்தைத் தனியான ஒரு காப்புக் கணக்கில் வைக்கச் சொல்லின. பொருளைத் திருப்பித் தருவதற்கான கெடு முடியும்வரை பணத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கவும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்றன. ஆக, பெரிய இணையக் கடையில் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. தனி ஆளிடம் வாங்குகிறவருக்கு இல்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும், தொழிலாகச் செய்யாமல் தனிப்பட்ட முறையில் விற்கும் ஒருவரைத் தம் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டன.

இதில் இன்னொரு ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. கிரெடிட் கார்டு வைத்திருப்பவர் பொருள் வரவில்லை என்றால் வங்கியிடம் முறையிட்டு, கட்டிய பணத்தைத் திரும்பக் கோரலாம். கார்டு இல்லாத கட்டடத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் கல்லூரி மாணவரும் யுபிஐயைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்கள் நேராக இன்னொருவர் கணக்குக்கு அனுப்பும் பணத்துக்கு அந்த வழி இல்லை. இழப்பைத் தாங்க வலு உள்ளவருக்குக் காப்பும், வலு இல்லாதவருக்கு வெறுங்கையும் என்றால் அது நியாயமான ஏற்பாடு ஆகாது.

இதைச் சரிசெய்யத் தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கிறவரின் பணம் 2008 முதலே அவர் கணக்கை விட்டு வெளியேறாமல், முடக்கப்பட்ட நிலையில் காத்திருக்கும் வசதி இருக்கிறது. 2019 ஜனவரி முதல் யுபிஐ வழியாகவும் சிறு முதலீட்டாளர்கள் அப்படி விண்ணப்பிக்க முடிகிறது. பங்கு ஒதுக்கப்பட்டால் பணம் போகும்; இல்லையேல் முடக்கம் நீங்கும். 2022 டிசம்பரில் தங்கள் வங்கியின் கொள்கை அறிவிப்பே இந்த வசதியை மின்வணிகத்துக்கும் விரிக்கலாம் என்றது. பொருள் கைக்கு வரும்வரை பணம் வாடிக்கையாளர் கணக்கிலேயே இருக்கும், அதனால் நம்பிக்கை வளரும் என்பது அந்த அறிவிப்பு சொன்ன காரணம். தாங்களே ஏற்றுக்கொண்ட அந்தக் காரணத்தை, பழைய தையல் மிஷின் வாங்கும் பெண்ணுக்கும் பொருத்திப் பாருங்கள் என்று கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலாவதாக, ஒவ்வொரு யுபிஐ செயலியிலும் ‘பொருளுக்கான பணம்’ என்று ஒரு தெரிவு இருக்க வேண்டும். அதைத் தொட்டு அனுப்பினால் பணம், பொருள் வாங்குகிறவரின் கணக்கிலேயே முடங்கி நிற்கட்டும். பணம் தயாராக இருக்கிறது என்ற உறுதி விற்கிறவருக்குப் போகட்டும். பொருள் வந்துவிட்டது என்று வாங்கியவர் சொன்னாலோ, குறித்த கெடுவுக்குள் அவர் புகார் செய்யாமல் இருந்தாலோ பணம் தானாக விடுபடட்டும். இந்த வழியை ஏற்க மறுத்து, உடனே அனுப்பு என்று நச்சரிக்கும் விற்பனையாளர் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுவார்.

இரண்டாவதாக, புகார் செய்யும் பொத்தான் அந்தந்தப் பரிவர்த்தனையின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இணையவழிக் குற்றப் புகாருக்கான 1930 உதவி எண் பலருடைய பணத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நிமிடமும் பணம் நகர்ந்துகொண்டிருக்கும்போது, எண்ணைத் தேடி, அழைத்து, விவரம் சொல்லும் நேரம்கூட அதிகம். பொத்தானைத் தொட்டதும் அனுப்பிய வங்கி, பெற்ற வங்கி இரண்டுக்கும் செய்தி போய்ப் பணம் நிற்க வேண்டும். எல்லாம் அவரவர் தாய்மொழியில் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, பணத்தைப் பெற்ற வங்கியும் பொறுப்பேற்க வேண்டும். வாடகைக்கு விடப்படும் கணக்கைத் திறந்துகொடுத்ததும், அதில் திடீரென்று பணம் வந்து வந்து மறைவதைக் கவனிக்காமல் விட்டதும் அந்த வங்கியே. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் இழப்பீடு கட்டாயம். உச்சவரம்பு 85,000 பவுண்டு. அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் அதைச் சரிபாதியாக ஏற்கின்றன. இழப்பு தன் தலையில் விழும் என்று தெரிந்தால்தான் வங்கி, கணக்கு திறக்கும் இடத்திலேயே கண்ணைத் திறந்து வைத்திருக்கும்.

நான்காவதாக, பொருள் வாங்கும்போது நடக்கும் மோசடிகளின் விவரங்களைத் தனித் தலைப்பில் மாநிலவாரியாக வெளியிட வேண்டும். எந்த வங்கியின் கணக்குகளில் இந்தப் பணம் அதிகம் போய் விழுகிறது என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும்.

இதற்கு எதிர்வாதங்கள் வரும். பொருளைப் பெற்றுக்கொண்டு வரவில்லை என்று பொய் சொல்லும் வாங்குநர்களும் உண்டு என்பார்கள். உண்மைதான். வீட்டிலிருந்து சேலை விற்கும் பெண்களும் சிறு வணிகர்களும் அதனால் பாதிக்கப்படக் கூடாது. கூரியர் ரசீது, பார்சலைப் பெற்றதற்கான பதிவு ஆகியவற்றைச் சான்றாக ஏற்று, சில நாள்களில் முடிவு சொல்லும் ஏற்பாடு இதற்கு வேண்டும். பொய்ப் புகாரை வழக்கமாக்கியவர்களுக்கு இந்த வசதியை நிறுத்தலாம். செலவை யார் ஏற்பது என்ற கேள்வியும் எழும். 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து செய்யும் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் இல்லை. அந்தக் கொள்கையைத் தொட வேண்டியதில்லை. பாதுகாப்போடு அனுப்ப விரும்புகிறவரிடம் இந்தத் தெரிவுக்கு மட்டும் ஒரு சிறு கட்டணம் வாங்கலாம். வேகம் குறையும் என்பது மூன்றாவது வாதம். அன்றாடப் பரிவர்த்தனை எதையும் இது தொடாது. தானே தெரிவு செய்தவரின் பணம் மட்டுமே காத்திருக்கும்.

தாங்கள் எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பணம் வரும் என்று சொல்லிப் பணத்தைப் பறிக்க மோசடிக்காரர்கள் பயன்படுத்திய ‘பணம் கேட்கும் கோரிக்கை’ வசதியைத் தனிநபர்களுக்கிடையே 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நிறுத்தியது. நல்ல முடிவு. வசதியை விடப் பாதுகாப்பு பெரிது என்று தேவைப்பட்டால் முடிவெடுக்க முடியும் என்பதை அது காட்டியது. விழிப்புணர்வு விளம்பரங்களும் வேண்டியவைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று வாங்குகிறவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது, ஏமாந்தது அவர் குற்றம் என்று சொல்வதில் போய் முடிகிறது. படித்தவர்களும் வங்கி ஊழியர்களும்கூட ஏமாறுகிறார்கள்.

2016 ஏப்ரலில் பிறந்த யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. உலகம் பார்த்து வியக்கும் இந்தச் சாதனையில் எங்களுக்கும் பெருமை உண்டு. அதைக் கட்டியெழுப்பிய நம்பிக்கை, பத்து ரூபாய் தேநீருக்கும் கைபேசியை நீட்டுகிற சாதாரண மக்களுடையது. அந்த நம்பிக்கைக்கு ஈடாக ஒரு விதியைத்தான் கேட்கிறோம்: பொருள் கைக்கு வந்து சேரும்வரை பணம் அதை வாங்குகிறவருடையது. இதற்கான வரைவு நெறிமுறையை வெளியிடுங்கள். எல்லா மாநில மொழிகளிலும் வெளியிட்டு, ஏமாந்தவர்களும் நேர்மையாக விற்கிறவர்களும் கருத்துச் சொல்ல இடம் கொடுங்கள். அடுத்த தீபாவளிக்குள் அது நடைமுறைக்கு வர ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்