வீழ்ந்தவனுக்கு அருகில் மண்டியிட்டவர்

குத்துச்சண்டை வீரர் ஒருவரை இப்பகுதியில் பேசுபொருளாக எடுத்துக்கொள்வது உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஒருவர் முகத்தில் மற்றவர் ஓங்கிக் குத்துவதில் என்ன ஆன்மிகம் இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். உரோமையில் இயேசு சபைத் துறவிகள் வெளியிடும் 'சிவில்த்தா கத்தோலிக்கா' சஞ்சிகை, தொழில்முறைக் குத்துச்சண்டையை 2005ஆம் ஆண்டில் மிகக் கடுமையான சொற்களால் கண்டித்தது. அக்கண்டனத்தை மறுக்க நாம் இங்கு முற்படவில்லை. ஆயினும் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் புனித பவுலடியார் ஓட்டப்பந்தய வீரனையும் குத்துச்சண்டை வீரனையும் அருகருகே நிறுத்தி, தாம் வெற்றுவெளியில் கையை வீசுகிறவர் அல்லர் என்று கூறத் தயங்கவில்லை. கொரிந்துக்கு அண்மையில் நடைபெற்ற இஸ்த்மிய விளையாட்டுக்களை அந்த மக்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அவர்கள் அறிந்த ஒன்றைக்கொண்டே அவர் அறியாததை விளக்கினார்.

இன்று நாம் நினைவுகூர விரும்புபவர் அமெரிக்கரான புளொய்ட் பெட்டர்சன். அவர் 1935ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி வட கரோலினா மாநிலத்தில் வறிய கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். பிள்ளைகள் பதினொருவர். குடும்பம் பிழைப்புத் தேடி நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் புளொய்ட் எவருடைய கண்ணையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டான், எவருடனும் பேசமாட்டான். பாடசாலைக்குச் செல்வதாகப் புறப்பட்டு, நிலக்கீழ்ப் புகையிரதப் பாதையில் தொழிலாளர்கள் கருவிகள் வைக்கும் சிறிய அறையொன்றில் இருளில் ஒளிந்திருப்பான். வீட்டில் அவனும் நிற்கும் ஒரு புகைப்படம் இருந்தது. அதிலுள்ள தன் உருவத்தைச் சுட்டி, இந்தப் பையனை எனக்குப் பிடிக்கவில்லை என்று தாயாரிடம் கூறினானாம். பின்னர் ஒருநாள் அந்தப் படத்தில் அவனுடைய முகத்தின்மீது மாத்திரம் குறுக்குக் கோடுகள் கீறப்பட்டிருப்பதைத் தாயார் கண்டார்.

பெற்றோரே, இந்தக் கோடுகளைச் சற்று நேரம் பாருங்கள். தாழ்ச்சி என்ற புண்ணியத்தைப் பற்றி நாம் சிறுவயது தொட்டே கேட்டுவருகிறோம். பிள்ளைகளுக்கும் போதிக்கிறோம். அந்தப் போதனையோடு வேறொன்றும் நம் அறியாமலே கலந்துவிடுகிறது. கூனிக் குறுகி நிற்கும் பிள்ளையைத் தாழ்ச்சியுள்ள பிள்ளை என்று மெச்சுகிறோம். பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அயல்வீட்டுப் பிள்ளையைக் காட்டி, நீ எதற்கும் உதவாதவன் என்று சொல்லிவிட்டு, அவன் மௌனமாக அழுவதைப் பணிவு என்று எண்ணிக்கொள்கிறோம். தன் முகத்தைத் தானே கீறி அழிக்கும் பிள்ளையிடம் இருப்பது தாழ்ச்சி அன்று. அது நோய். இறைவன் தமது சாயலாகப் படைத்த ஒன்றின்மீது இடப்படும் கீறல் அது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெட்டர்சனின் வாழ்வு மிகத் தெளிவாகக் காட்டுவதனாலேயே அவரைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

பத்து வயதளவில் அவன் வில்ட்விக் என்னும் சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் ஆர்வத்துடன் ஆதரித்துவந்த நிறுவனம் அது. அங்கே ஓர் ஆசிரியை காட்டிய பரிவினால் அச்சிறுவன் முதன்முறையாக வகுப்பில் வாய்திறந்தான். குத்துச்சண்டையும் அங்கேதான் அறிமுகமாயிற்று. பின்னர் கஸ் டமாட்டோ என்ற பயிற்றுநரின் கைக்கு வந்தான். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றபோது வயது பதினேழு. 1956 நவம்பர் 30ஆம் திகதி சிக்காகோவில் ஆர்ச்சி மூரை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தி, அதிபார எடைப்பிரிவின் உலகச் சம்பியனானபோது வயது இருபத்தொன்று. அந்நாள்வரை அப்பட்டத்தை அத்தனை இளவயதில் வென்றவர் எவரும் இல்லை. இளைஞராக இருந்தபோதே அவர் கத்தோலிக்க திருச்சபையில் இணைந்துகொண்டார்.

அவருடைய இயல்பு தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. 1953இல் நடந்த ஒரு போட்டியில் எதிராளியின் பற்காப்பு வாயிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்தது. அதை எடுக்க அம்மனிதர் தடுமாறியபோது, பெட்டர்சன் குனிந்து தாமும் சேர்ந்து அதனை எடுக்க உதவினார். அடித்து முடிக்க வேண்டிய நேரத்தில் எதிராளிக்கு உதவும் இவருக்குக் கொலைவெறி போதாது என்று விமர்சகர்கள் குறைகூறினர். பாராட்டப்பட வேண்டிய ஒன்று குறையாக எழுதப்பட்டது. பத்திரிகைத் தொழிலில் இது புதிதல்ல.

1959 ஜூன் 26ஆம் திகதி சுவீடன் நாட்டவரான இங்கமார் ஜொஹான்சன் அவரை எதிர்கொண்டார். மூன்றாவது சுற்றில் மாத்திரம் பெட்டர்சன் ஏழு தடவைகள் தரையில் வீழ்ந்தார். ஏழு தடவையும் எழுந்தார். இறுதியில் நடுவரே போட்டியை நிறுத்தினார். பட்டம் பறிபோயிற்று. அதன்பின் வாரக்கணக்கில் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. புகையிரதப் பாதையின் இருட்டறைக்குள் ஒளிந்த அந்தச் சிறுவன் இன்னும் அவருக்குள் இருந்தான்.

அதிபார எடைப்பிரிவில் இழந்த பட்டத்தை மீட்டவர் அதுவரை எவருமில்லை. ஜாக் டெம்ப்சியும் ஜோ லூயிஸும் முயன்று தோற்றிருந்தனர். பெட்டர்சன் ஓராண்டு உழைத்தார். 1960 ஜூன் 20ஆம் திகதி நியூயோர்க்கில், ஐந்தாவது சுற்றில், அவருடைய இடக்கை வீச்சில் ஜொஹான்சன் மல்லாந்து விழுந்தார். நினைவு தப்பியது, ஒரு கால் மாத்திரம் துடித்துக்கொண்டிருந்தது. அரங்கமே ஆர்ப்பரித்த அந்த வேளையில், எவரும் செய்யாத சாதனையைச் செய்து முடித்த அம்மனிதர், தமக்காகக் கூச்சலிட்டவர்களை விட்டுத் திரும்பி, வீழ்ந்துகிடந்தவரின் அருகே மண்டியிட்டு அவரைத் தாங்கினார். மீண்டும் சண்டையிட வாய்ப்புத் தருவேன் என்று வாக்களித்தார். மறு ஆண்டு மார்ச் மாதத்தில் மயாமியில் அவ்வாக்கை நிறைவேற்றவும் செய்தார். அந்தப் போட்டியின் முதற் சுற்றிலேயே தாம் இருமுறை வீழ்ந்து எழுந்து, ஆறாவது சுற்றில் வென்றார்.

மண்டியிட்டதைவிட நம்மை அதிகம் தொடுவது அவர் பின்னர் ஒப்புக்கொண்ட ஒன்று. அந்த ஓராண்டும் தம் உள்ளத்தில் ஜொஹான்சன்மீது வெறுப்பே நிறைந்திருந்ததாகவும், அத்தகைய தாழ்ந்த நிலைக்கு மீண்டும் ஒருபோதும் இறங்க விரும்பவில்லை என்றும் அவர் கூறினார். வெற்றி தந்த வெறுப்பையே அவர் வெறுத்தார். நம்மில் எத்தனை பேர் நமக்குப் பலன் தந்த பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறோம்? 1962இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்குத் தம்மீதே தாம் கொண்ட வெற்றி என்ற பொருளில் அவர் பெயரிட்டது பொருத்தமே.

அடுத்த சவால் சொனி லிஸ்டன். சிறை சென்று வந்தவர், பயங்கரமான பலசாலி. அவருடன் மோத வேண்டாம் என்று நலன்விரும்பிகள் பலர் தடுத்தனர். பயிற்றுநர் டமாட்டோவும் விரும்பவில்லை. செய்த குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்துவிட்டவருக்கு வாய்ப்பை மறுப்பது நீதியன்று என்பது பெட்டர்சனின் முடிவு. சீர்திருத்தப் பாடசாலையில் வளர்ந்தவருக்கு அது விளங்கியிருக்கும். 1962 செப்டம்பர் 25ஆம் திகதி இரண்டு நிமிடமும் ஆறு வினாடியும் ஆனபோது அவர் தோற்றுப்போனார். முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்த பொய்த்தாடியை ஒட்டிக்கொண்டு இரவோடிரவாகச் சிக்காகோவிலிருந்து காரில் வெளியேறினார். பின்னர் அதே வேடத்தில் மட்ரிட் நகருக்குச் சென்று, முதியவர்போல் நொண்டி நடந்து, தனியே சில நாட்கள் கழித்தார். அடுத்த ஆண்டு மீண்டும் லிஸ்டனிடம் முதற் சுற்றிலேயே தோற்றார். அதற்குப் பின் எழுத்தாளர் கே டலீஸிடம், தம்மை ஒரு கோழை என்றே அவர் கூறிக்கொண்டார்.

அந்தத் தாடியைத் தாழ்ச்சி என்று எவரும் புகழவேண்டாம். தோல்வியில் தம் முகத்தை மறைக்கும்போது மனிதன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜொஹான்சன் அருகே மண்டியிட்டபோது அவர் தம்மை மறந்திருந்தார். ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. அவர் அவற்றை மறைக்காமல் சொன்னதனாலேயே நாம் இன்று இரண்டையும் பிரித்தறிய முடிகிறது.

இவரைப் புனிதராக்கிவிடும் எண்ணம் நமக்கில்லை. 1965இல் மொஹமட் அலியை எதிர்கொள்ளுமுன், அலி தழுவிய சமயத்தைக் குறைகூறியதோடு, அவருடைய புதிய பெயரைச் சொல்லவும் மறுத்து, பழைய பெயரான கிளே என்றே அழைத்துவந்தார். அது தவறு. ஒருவர் தம் விசுவாசத்தின் அடையாளமாக ஏற்ற பெயரை மறுப்பது அவரையே மறுப்பதாகும். பல சமயத்தவர் அயலவராய் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அலியும் தம் பங்குக்கு அவரை முயல் என்று கேலி செய்தார். முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாத நிலையில், பன்னிரண்டாவது சுற்றில் நடுவர் நிறுத்தும்வரை பெட்டர்சன் நின்று அடிவாங்கினார். ஆனால் மறு ஆண்டு, வியட்நாம் போர் பற்றிய கருத்துக்காக அமெரிக்காவே அலியைத் தூற்றிக்கொண்டிருந்த வேளையில், 'எஸ்குவயர்' சஞ்சிகையில் அலிக்காகப் பரிந்து கட்டுரை எழுதியவரும் இவரே. தம்மை அவமதித்துத் தோற்கடித்தவருக்குப் பேசும் உரிமை உண்டு என்று வாதிட, மேடையில் நிற்பதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டும்.

1972இல் அலியிடமே மீண்டும் தோற்று ஓய்வுபெற்றார். 64 போட்டிகளில் 55 வெற்றிகள், 8 தோல்விகள், ஒரு சமநிலை. மற்றெந்தச் சம்பியனையும்விட அதிக தடவை வீழ்ந்தவர் என்று தம்மைப் பற்றிக் கூறப்பட்டபோது, அதிக தடவை எழுந்தவனும் நானே என்று சொல்வது அவர் வழக்கம். பின்னர் நியூயோர்க் மாநிலத்தின் நியூ போல்ட்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்து, அவ்வூர் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். அவர்களுள் ஒருவனை மகனாகவே ஏற்று வளர்த்தார். அந்த மகன் ட்ரேசியும் 1992இல் உலகப் பட்டம் வென்றார். ஜொஹான்சன் அவருடைய நெருங்கிய நண்பரானார். அத்திலாந்திக் கடலைக் கடந்து ஒருவரையொருவர் சந்தித்து, வயது சென்ற காலத்தில் மரதன் ஓட்டங்களில் இருவரும் சேர்ந்து ஓடினர்.

பெட்டர்சன் 1995இல் நியூயோர்க் மாநில விளையாட்டு ஆணைக்குழுவின் தலைவரானார். 1998இல் ஒரு வழக்குத் தொடர்பான விசாரணையில், முதன்முதலில் யாரை வென்று உலகப் பட்டத்தைப் பெற்றீர்கள் என்று கேட்கப்பட்டது. அவரால் நினைவுபடுத்த முடியவில்லை. தம் செயலாளரின் பெயரும் நினைவில் இல்லை. சில நாட்களில் பதவியைத் துறந்தார். அல்சைமர் நோயினாலும் புற்றுநோயினாலும் வருந்தி, 2006 மே 11ஆம் திகதி, 71ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். அதே மறதி நோய்க்கு ஆளாகியிருந்த ஜொஹான்சன் 2009 ஜனவரியில் சுவீடனில் காலமானார்.