அடுப்படியில் நின்று பேசட்டும் அந்தக் குரல்



புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் கடக்கால் தோண்டும் முன்பே வீட்டைச் செல்போனில் பார்த்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரிலேயே சுவர் எழுப்பி, வர்ணம் அடித்து, சோபா போட்டு, நாம் உள்ளே நடந்து போவது போல ஒரு வீடியோ. கூடவே ஒரு குரல், 'இது உங்கள் வரவேற்பறை, இது உங்கள் மாடுலர் கிச்சன்' என்று விளக்கிக்கொண்டே வரும். சென்னையில்தான் இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கமெல்லாம் வந்தாச்சு. எங்கள் தென்னேரிக்கும் வந்தாச்சு.

'வெட்டிச் செலவு, மேஸ்திரிக்குத் தெரியாததா' என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்களுக்கு இது நல்ல காலம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த வீடியோவை எடுக்கிற விதமும், அதில் பேசுகிற ஆளும் மாற வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

முன்பெல்லாம் பிளான் என்றால் ஒரு நீலக் காகிதம். இன்ஜினீயர் அதை விரிப்பார், வீட்டு ஆண்கள் நாலு பேர் சுற்றி நிற்பார்கள், நாம் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுவோம். எட்டிப் பார்த்தாலும் கோடு கோடாக இருக்கும், ஒன்றும் புரியாது. கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்சும்போதுதான் 'ஐயோ, சிங்க் ஒரு மூலையில், அடுப்பு ஒரு மூலையிலா' என்று தெரியும். எங்கள் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியது. குடவோலைக்குப் பெயர் எழுத வேண்டுமென்றால் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வீடு யாருடையது என்று கேட்டவர்கள், அதில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்கவில்லை! ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் அந்த நீலக் காகிதம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

வீடியோ வந்ததும் இது மாறிவிட்டது. என் நாத்தனார் வீட்டுக்கு டவுனிலிருந்து ஓர் இன்ஜினீயர் இப்படி ஒன்றை அனுப்பியிருந்தார். எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். ஹால் பளபளவென்று இருந்தது, அடுப்படி கண்ணாடி மாதிரி. குரல் 'விசாலமான சமையலறை' என்றது. எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார் அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, இந்த வீட்டுல சோறு ஆக்க மாட்டாங்களா? அரிசி மூட்டை எங்க வைக்கிறது?" என்று கேட்டாரே பார்க்கலாம்! அதற்குப் பிறகு நாத்தனாருக்கும் வாய் வந்தது. சிலிண்டர் எங்கே, கிரைண்டர் எங்கே, துவைக்கிற கல்லுக்குப் போக வழி எங்கே, மழை நாளில் துணி எங்கே காய்கிறது என்று வரிசையாகக் கேட்டார். போனில் பேசிய இன்ஜினீயர் முதலில், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்றார். என் நாத்தனார் விடவில்லை. மறுநாளே அடுப்படியிலிருந்து கொல்லைக்கு ஒரு கதவு வைத்து, பக்கத்திலேயே மூட்டை வைக்க மூன்றடி இடம் விட்டு அனுப்பினார். கட்டி முடித்த சுவரை இடித்து மாற்றியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வீடியோக்களைப் பார்க்கும்போது கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறை கூட அதில் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கேமராவை அகலப் பார்வையில் வைத்துவிட்டால் எந்த அறையும் அப்படித்தான். கட்டிலையும் பீரோவையும் இஷ்டத்துக்குச் சின்னதாக்கவும் முடியும். அதனால் 'அறை பெரிசா இருக்கே' என்று சந்தோஷப்படாமல், 'நம்ம வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் அளந்து தருகிறோம், அதே அளவில் போட்டுக் காட்டுங்க' என்று சொல்ல வேண்டும். பீரோ கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

அடுப்பு மேடையின் உயரத்தை யாரும் கவனிப்பதே இல்லை. இந்த மென்பொருள்களில் பலவும் வெளிநாட்டில் பிறந்தவை. அமெரிக்காவில் சமையல் மேடைக்கு வழக்கமான உயரம் 36 அங்குலம். அந்த அளவை அப்படியே விட்டுவிட்டால் ஐந்தடி உயரமுள்ள நம்மவர்களுக்கு மேடை உயரமாகிவிடும். மேலே அடுப்பு, அதற்கும் மேலே குக்கர். தோளைத் தூக்கிக்கொண்டே வருஷக்கணக்கில் கிளற வேண்டியதுதான். நின்று வேலை செய்கிறவளின் முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே மேடை இருந்தால் கை வலிக்காது. 32 அங்குலமோ 33-ஓ, அவரவர் உயரத்துக்குத் தகுந்தபடி அளந்து சொல்லுங்கள். 'பார்க்க அழகா இருக்காதும்மா' என்று யாராவது சொன்னால், அவரை ஒரு நாள் மாவு கிளறச் சொல்லிப் பாருங்கள்.

வெயிலையும் விட்டுவிடக் கூடாது. வீடியோவில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் இளவெயில்தான் அடிக்கிறது! நம்ம காஞ்சிபுரம் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சிச் சூரியன் தலைக்கு மேலேயிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். சாயங்காலம் மேற்குச் சுவர் அடுப்பு மாதிரி காயும். ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருளில் ஊர், தேதி, மணி மூன்றையும் கொடுத்தால் நிழல் எங்கே விழும் என்று அதுவே காட்டிவிடும். ஆகவே, 'மே 15, சாயங்காலம் 4 மணி என்று போட்டுக் காட்டுங்க' என்று கேளுங்கள். அக்கினி மூலை என்று அடுப்படியைத் தென்கிழக்கில் வைத்துவிட்டு, படுக்கை அறையை மேற்கு வெயிலில் மாட்டிவிட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தரையும் அதே கதைதான். வீட்டைச் சுற்றிப் பச்சைப் புல் போட்டுக் காட்டுவார்கள், தெருவை விட மனை பள்ளமா மேடா என்று காட்ட மாட்டார்கள். எங்களைப் போல ஏரியை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கும், 2015 மழையைப் பார்த்தவர்களுக்கும் பேஸ்மட்டம் எத்தனை அடி என்பதுதானே முதல் கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்குச் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடியாக அனுமதி வாங்க வழி செய்தார்கள். அலைச்சல் இல்லை, சந்தோஷம்தான். அந்த வரைபடத்தைக் கட்டும் முன்பு உட்கார்ந்து பார்க்கிற கடைசி ஆள் நாமாகத்தான் இருப்போம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

'இதெல்லாம் பணக்காரர்கள் வீட்டுக்கு' என்று சில சகோதரிகள் நினைக்கலாம். சின்ன வீட்டுக்குத்தான் இது ரொம்ப அவசியம். 2024-ல் அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை என்று வைத்தார்கள். 360 என்றால் 18-க்கு 20. அதற்குள் அடுப்படியும் வர வேண்டும், பிள்ளைகள் படிக்கவும் இடம் வேண்டும். ஓர் அடி வீணானாலும் வலிக்கும்.

ஐந்தரை மீட்டர் புடவையின் நீளம் ஏறக்குறைய அதே 18 அடிதான். களத்திலோ மாடியிலோ ஒரு பழைய புடவையை விரித்துப் பாருங்கள், அந்த வீட்டின் ஒரு பக்கம் கண்ணெதிரே கிடக்கும். அகலம் 45 அங்குலம் இருக்கும். அடுப்படியில் இரண்டு பெண்கள் உரசாமல் நின்று வேலை செய்ய அவ்வளவாவது வேண்டும்.

புடவையால் அளப்பது நான் கண்டுபிடித்ததல்ல. பம்பாய் பைகுல்லாவில் நடைபாதையில் குடிசை போட்டு வாழ்ந்த பெண்கள் 1980-களில் 'மகிளா மிலன்' என்று ஒன்று சேர்ந்தார்கள். 1984-ல் தொடங்கிய 'ஸ்பார்க்' என்ற அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது. தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று அவர்களே பேசி, புடவையை வைத்து நீள அகலம் பார்த்து, முழு அளவில் மாதிரி வீடுகளை எழுப்பி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். இடம் குறைவு என்பதால் அறையை உயரமாக எழுப்பி உள்ளே பரண் வைக்கும் யோசனையும் அவர்களுடையதுதான். கம்ப்யூட்டரா இருந்தது அவர்களிடம்? வீட்டைக் காட்டி, நின்று பேசினார்கள். அதிகாரிகளும் வந்து கேட்டார்கள்.

நமக்கு அதைவிட வசதி இருக்கிறது. 'ஸ்வீட் ஹோம் 3டி' என்று ஒரு மென்பொருள் 2006-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் வீட்டில் ஓடுகிற நிலையில் இருந்தால் அதில் போட்டுப் பார்க்கலாம். அடி, அங்குலத்தில் சுவர் வரையலாம், சாமான்களின் அளவை மாற்றலாம், உள்ளே நடந்து போகிற வீடியோவும் எடுக்கலாம். என் நாத்தனார் பெண் கல்லூரியில் படிக்கிறாள். கம்ப்யூட்டர் படிப்பு இல்லை, வணிகவியல்தான். ஒரு வார லீவில் கற்றுக்கொண்டு, இன்ஜினீயர் கொடுத்த அளவுகளை வைத்து அவளே வரைந்துவிட்டாள்.

வீடியோவுக்குக் குரல் கொடுத்தது அவள் அம்மா. 'விசாலமான', 'நவீன' என்ற வார்த்தையெல்லாம் அதில் கிடையாது. "அஞ்சு மணிக்கு எழுந்துக்கறேன். வாசல் தெளிக்கத் தண்ணி இங்க பிடிக்கறேன். பால் வாங்கிட்டு உள்ள வர்றேன். இடது கைப் பக்கம் லைட் சுவிட்ச் வேணும். அடுப்பு பத்த வைக்கறேன், ஜன்னல் என் மூஞ்சிக்கு நேரே வேணாம், காத்துல அடுப்பு அணையும். அத்தை பாத்ரூம் போக இந்த ஒரு படி இறங்கணும், இந்தப் படி வேணாம்..." இப்படியே இரவு கதவைத் தாழ் போடுகிற வரை ஆறு நிமிஷம் பேசியிருக்கிறார். அந்த ஒரு படியை இன்ஜினீயரும் பார்க்கவில்லை, வீட்டுக்காரரும் பார்க்கவில்லை.

வீடு கட்டப்போகிற சகோதரிகள் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டுகிறேன். வேறு யாராவது செய்து கொடுத்த வீடியோ என்றால், குரலை அணைத்துவிட்டு நீங்களே ஒரு நாளைச் சொல்லிக்கொண்டு பாருங்கள். வயதானவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் முடிவான அளவுகளை ஒரு காகிதத்தில் எழுதி, மேடை உயரம், பேஸ்மட்டம், கதவு திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் குறித்து, வீட்டுக்காரரும் இன்ஜினீயரும் கையெழுத்துப் போட்ட பிறகு மேஸ்திரி கையில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். வேலை நடக்கிற இடத்தில் செல்போன் சார்ஜ் எப்போதும் இருப்பதில்லை.

- ஒரு வாசகி,
தென்னேரி.