தலைமைப் பாணியும் மாங்கூழ் டிரம்மும்

போன வாரம் ஆபீஸில் ரெண்டு நாள் டிரெய்னிங். மஸ்கட்டில் நல்ல ஹோட்டல், நல்ல சாப்பாடு. கோட்டு போட்ட ஒருத்தர் வந்து, தலைமைப் பாணி என்பது தானாக அமையக் கூடாது, நாமே யோசித்துத் தேர்ந்தெடுத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அதுவரை எனக்கும் சம்மதம்தான். அப்புறம் ஆளுக்கொரு படிவம் கொடுத்து, 'உங்கள் பாணியை ஒரே வரியில் எழுதுங்கள்' என்றார். பக்கத்து சீட்காரர் 'அரவணைத்துச் செல்பவன்' என்று எழுதினார். லீவு கேட்டால் மூஞ்சியைக் கூடப் பார்க்க மாட்டார் மனுஷன்! நான் வெற்றுப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே சொல்லாததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

டேனியல் கோல்மன் 2000-ல் எழுதிய கட்டுரையிலிருந்து ஆறு பாணிகளைக் காட்டினார்கள். கோல்ஃப் ஆடுபவர் பையில் பல மட்டைகள் வைத்திருப்பது போல, சமயத்துக்கு ஏற்றதை எடுத்து வீசணுமாம். சரி சாமி. பந்து போய் கண்ணாடியை உடைத்தால் 'நான்தான் அடித்தேன்' என்று யார் சொல்வது? அதற்கு அந்தப் பையில் மட்டை இல்லை. என் கட்சி இதுதான்: பழி வரும் நாளில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் உங்கள் பாணி. மற்றதெல்லாம் மேக்கப்.

சித்தூர்க்காரன் நான். திருப்பதிக்கு பஸ்ஸில் போய் வந்து பி.காம். முடித்து, ஒரு வங்கியில் ஆபீசர் ஆனவன். 2006-ல் எங்கள் பக்கத்துக் கிளை ஒன்றில் கடன் பிரிவு. எங்க ஊரில் மாங்கூழ் ஃபாக்டரிகள் அதிகம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோத்தாபுரி சீசனில் தாமலசெருவு மண்டிப் பக்கம் போனால் லாரியும் டிராக்டருமாக ரோடே தெரியாது. ரெண்டு மாதத்தில் வாங்கி, அரைத்து, டிரம்மில் அடைத்து, வருஷம் முழுக்க விற்கிற வியாபாரம். அதனால் சரக்கின் மேல்தான் கடன். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் வரும். குடோனுக்குப் போய் எண்ணிப் பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு ஃபாக்டரிக்கு நான் கிளம்பும்போதெல்லாம் மேனேஜர் தெலுங்கில் சொல்வார்: "நேனு சூஸ்குண்டாலே." நான் பார்த்துக்கிறேன்ப்பா, நீ கையெழுத்துப் போடு. போட்டேன். மேனேஜர் சொல்லி மாட்டேன் என்று சொல்கிற தைரியம் எனக்கு அப்போது இல்லை. கடைசியில் தவணை நின்று 90 நாள் தாண்டி, கணக்கு வாராக்கடன் ஆனபோது குடோனைத் திறந்தார்கள். முன்வரிசை டிரம்மில் கூழ். பின்வரிசையெல்லாம் காலி!

மேனேஜர் அதற்குள் பிரமோஷனில் வேறு ஊர் போய்விட்டார். விசாரணையில் கேட்டதற்கு, ஆய்வு செய்து கையெழுத்திட்டது ஆபீசர் என்று எழுதிக் கொடுத்தார். பொய் இல்லை. கையெழுத்து என்னுடையதுதான். மெமோ எனக்கு, இன்கிரிமெண்ட் கட் எனக்கு. 'நேனு சூஸ்குண்டா' எந்த ஃபைலிலும் இல்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் எங்க பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா. அன்றைக்கு நெல்லூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். 1979 ஆகஸ்ட் 10-ம் தேதி எஸ்.எல்.வி-3 முதல் ஏவல். திட்ட இயக்குநர் அப்துல் கலாம். கிளம்பும் முன் கம்ப்யூட்டர் நிறுத்தச் சொன்னது; நிபுணர்கள் பரவாயில்லை என்றார்கள்; கலாம் ஏவச் சொன்னார். ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பதில் சொன்னவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18-ல் ரோகிணி சுற்றுப்பாதைக்குப் போனபோது, பத்திரிகையாளர்களிடம் நீ பேசு என்று கலாமை அனுப்பினார். இதைக் கலாமே எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ஃபார்வர்டு மெயிலில் நூறு தடவை வந்த கதைதானே என்பீர்கள். டிரெய்னிங்கிலும் ஸ்லைடு போட்டார்கள், கைதட்டல் வேறு. கைதட்டுபவர்கள் ரெண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, தவன் தவறை மூடி மறைக்கவில்லை. உள்ளே துருவி ஆராய்ந்து, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்ததைக் கண்டுபிடித்தார்கள். வெளியே பழி தலைவருக்கு, உள்ளே ஆய்வு எல்லோருக்கும். ரெண்டு, அது அந்த நிமிஷத்துப் பெருந்தன்மை இல்லை என்பது என் எண்ணம். 1972-ல் பதவியை ஏற்கும் முன்பே, இந்திய அறிவியல் கழக இயக்குநராகவும் தொடர்வேன், தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தவர் அவர். எப்படி வேலை செய்யப்போகிறோம் என்று நாற்காலியில் உட்காரும் முன்பே முடிவு செய்த ஆள்.

'வங்கி என்ன இஸ்ரோவா? விஜிலென்ஸ் வரும், சி.பி.ஐ. வரும், அடுத்தவன் கையெழுத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு?' என்று கேட்கலாம். நியாயம். யாருக்காகவும் ஜெயிலுக்குப் போகச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதை நீங்கள் எழுதுங்கள், அவ்வளவுதான். இது என் கண்டுபிடிப்பும் இல்லை. அரசு வங்கி அதிகாரிகளுக்கான 1976-ம் வருஷ நடத்தை விதிகளிலேயே இருக்கிறது: மேலதிகாரியின் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாகச் சொல்ல நேர்ந்தால் உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். ரெண்டு நாள் டிரெய்னிங்கில் வராத பாடம் ரெண்டு வரியில் இருக்கிறது. எத்தனை மேலதிகாரிகள் செய்கிறார்கள் என்று வங்கி நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? படிவத்தை வெற்றாகக் கொடுத்த காரணமே அதுதான்.

போன வருஷம் என் கீழே வேலை செய்யும் பையன், நாகர்கோவில்காரன், ஒரு கஸ்டமரின் பேப்பர் சரியில்லை என்று வந்து நின்றான். மாதக் கடைசி, எனக்கு டார்கெட் அவசரம். "போடுப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அதே வாக்கியம். மொழிதான் வேறு. ஆடிட்டில் மாட்டியது. நான் அனுப்பிய பதிலில் யார் சொன்னது என்று எழுதவில்லை. யார் செய்தது என்று மட்டும் எழுதினேன். பொய் இல்லை. அவனுக்கு போனஸ் போயிற்று. ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பெல்லாம் 'அண்ணே' என்பான், இப்போது 'சார்'.

டிரெய்னிங் முடிந்து வந்த ராத்திரி ஆடிட்டுக்கு மெயில் போட்டேன். உத்தரவு என்னுடையது, அவன் தயங்கினான், நான் வற்புறுத்தினேன் என்று மூன்று வரி. இன்கிரிமெண்ட் போனால் போகட்டும் என்று பந்தாவாகச் சொல்ல முடியாது. மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. இதை எழுதும் வரை பதில் இல்லை.

அந்தப் பயிற்சியாளர் திரும்ப வந்தால், இந்த மூன்று வரியைத்தான் படிவத்தில் எழுதிக் கொடுப்பேன். ஒரு வருஷம் லேட்.