டிஸ்சார்ஜ் நாளோடு முடியும் ஆய்வுகள்

இதய அறுவை, நெஞ்சறுவை பற்றி நமக்கு வரும் கட்டுரைகளில் பல, நோயாளி வீடு திரும்பிய நாளோடு, மிஞ்சினால் முப்பதாவது நாளோடு, கணக்கை முடித்துவிடுகின்றன. மெக்கானிக்கல் வால்வு பொருத்திக்கொண்டவருக்கோ சோதனைக் காலமே அதற்குப் பிறகுதான். வார்ஃபரின் குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும், கூடினால் கசியும். மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடையிலுள்ள மீனவர் குப்பத்தில் வாழும் ஓர் இளம்பெண், ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு எங்கே போகிறார், கருவுற்றால் மாத்திரையை என்ன செய்கிறார் என்பதெல்லாம் அந்தக் கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. அறுவை வெற்றி என்று எழுத அந்த விவரம் இல்லாமல் முடியாது என்பதே நம் வாதம்.

‘நம் நோயாளிகள் மறுபடி வரமாட்டார்கள், முகவரியும் நிலைக்காது’ என்பது வழக்கமான பதில். இதே மண்ணில் அது எப்போதோ பொய்யாகிவிட்டது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வு, இரண்டரை லட்சம் பேருக்கு மேல் தடுப்பூசியோ போலி ஊசியோ போட்டு, அவர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. குறித்த இடைவெளியில் ஊருக்கே போய் எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். வயது வந்தோருக்கு நுரையீரல் காசநோயிலிருந்து அந்த ஊசி பாதுகாப்புத் தரவில்லை என்ற கசப்பான முடிவு வந்தது. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். நோயாளி வருவாரெனக் காத்திருக்காமல் ஆய்வாளர் போனார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அறுவையைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்க முடியாது என்பது இன்னும் கனமான ஆட்சேபம். கத்தி பிடிப்பவரின் தேர்ச்சி ஆளுக்கு ஆள் மாறும். உயிர் ஊசலாடும்போது குலுக்கல் அறமும் ஆகாது. ஒப்புக்கொள்ளலாம், அவசர நேர்வுகளுக்கு. ஆனால் மார்பு, இடுப்பு முதுகெலும்புக் காசநோயில், நோயுற்ற எலும்பை முன்புறமாகப் போய் அகற்றி ஒட்டுவைக்கும் பெரிய அறுவையை, நடமாட விட்டபடியே தரும் மருந்துச் சிகிச்சையோடு சென்னையில் குலுக்கல் முறையிலேயே ஒப்பிட்டார்கள். 10 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து மட்டும் பெற்றவர்கள் பின்தங்கவில்லை. அறுவை தேவைப்படுவோர் யார் என்று சுருக்கிச் சொல்ல அது உதவியது. அந்தப் பதிலை முப்பதாம் நாள் அட்டவணை தந்திருக்காது.

மேலை நாட்டு முடிவுகளை இரவல் வாங்கலாமே என்றால், 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு எச்சரிக்கிறது. வால்வு நோயற்ற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் வார்ஃபரினுக்கு இணையாக நின்ற ரிவராக்சபான், ருமாட்டிக் இதயநோயாளிகளிடம் தோற்றது. வார்ஃபரின் வகை மருந்து பெற்றவர்களிடையே இறப்பு குறைவு. 24 நாடுகளில், இந்தியாவையும் சேர்த்து, அந்த நோயாளிகளிடமே கேட்டதால் தெரிந்தது அது.

ஆகவே செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியும், தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும், பழைய மாமல்லபுரம் சாலையோரத் தனியார் மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் ஒரு பதிவேடு தொடங்கட்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர் வழியாக ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொருவரையும் விசாரிக்கட்டும். கட்டுரை அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: ஓராண்டு முடிவில் உயிரோடிருப்பவர், இறந்தவர், தகவல் கிடைக்காதவர் என மூன்று எண்களையும் முதல் அட்டவணையிலேயே கொடுங்கள்.