பனிமலைக்குப் புறப்படுமுன்



பனி மூடிய மலைச்சரிவில், கால்களில் நீண்ட சட்டங்களைப் பூட்டிக்கொண்டு மனிதர்கள் பறப்பதுபோல் இறங்கிவரும் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். அதற்கு ஸ்கீயிங் என்று பெயர். இரு கால்களையும் அகன்ற ஒரே பலகையில் பூட்டி, பக்கவாட்டில் நின்று சறுக்குவது ஸ்னோபோர்டிங். அமெரிக்காவில் படிக்கவும் பணிபுரியவும் சென்றுள்ள நம் பிள்ளைகளுள் சிலர், குளிர்கால விடுமுறையில் நண்பர்களோடு காரில் மலை மலையாகச் சென்று இவ்விளையாட்டில் ஈடுபடுகின்றனர். எந்த மலை சிறந்தது என்று விசாரிப்பதில்தான் அவர்களுடைய ஆயத்தம் தொடங்குகிறது. உடன் வருபவர் யாவர் என்பதன்றோ முதலில் கேட்க வேண்டிய கேள்வி?

யூட்டா மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 2002ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்ற வட்டாரம் அது. சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் எடுத்தால், சாலை சீராக இருக்கும் நாளில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் ஆறு பெரிய சறுக்குமலைகளுள் எதனையும் அடைந்துவிடலாம். லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் ஆல்ட்டாவும் ஸ்னோபேர்டும் அடுத்தடுத்து உள்ளன. அதன் வடக்கே பிக் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் சாலிட்யூடும் பிரைட்டனும் உள்ளன. மலைத்தொடரின் மறுபுறத்தில் பார்க் சிட்டியும் டீர் வேலியும் இருக்கின்றன.

இவற்றுள் ஆல்ட்டாவின் புகழ் பெரிது. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 500 அங்குலத்திற்கு மேல் அங்கே பனி பொழிகிறது. 2022-23 குளிர்காலத்தில் 900 அங்குலத்தையும் தாண்டியது. அதாவது எழுபத்தைந்து அடி! ஆனால் ஸ்னோபோர்டு பலகையோடு வருபவருக்கு ஆல்ட்டாவில் அனுமதி இல்லை. டீர் வேலியிலும் அவ்வாறே. அமெரிக்கா முழுவதிலும் இத்தகைய தடை உள்ள மலைகள் மூன்றே; மூன்றாவது வெர்மான்ட் மாநிலத்தின் மேட் ரிவர் கிளென். ஆல்ட்டாவின் நிலத்தில் பெரும்பகுதி அரசின் வனத்துறைக்கு உரியதாயிற்றே, அங்கே ஒரு சாராரை மட்டும் தடுப்பது முறையா என்று 2014இல் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது; 2016இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது.

சட்டம் அவ்வாறிருக்க, நண்பர்கள் நால்வர் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மூவர் ஸ்கீ விளையாடுபவர்கள், ஒருவர் பலகைக்காரர். “ஒரு நாள்தானே, அவர் கீழே அமர்ந்திருக்கட்டும்” என்று மூவரும் ஆல்ட்டாவுக்கு ஏறுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. பெட்ரோலுக்கும் அறை வாடகைக்கும் அவரும் சமபங்கு கொடுத்திருக்கிறார் அல்லவா? பக்கத்திலேயே ஸ்னோபேர்ட் இருக்கிறது. ஏறக்குறைய அதே பனி, பலகைக்கும் தடையில்லை. கம்பிவட ஊர்தி அங்கே 11,000 அடி உயரச் சிகரத்திற்கே ஏற்றிச் செல்லும்.

எனினும் ஸ்னோபேர்ட் பெரும்பாலும் செங்குத்தானது. குழுவில் புதிதாய்ப் பழகுபவர் இருந்தால் பிரைட்டனை நாடுவது நலம். எளிய தடத்திற்குப் பச்சை வட்டம், நடுத்தரத்திற்கு நீலச் சதுரம், கடினத்திற்குக் கறுப்பு வைரம் என்று அடையாளமிட்டிருப்பார்கள். இவ்வடையாளங்கள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டு இடப்பட்டவையே. ஒரு மலையின் நீலம் இன்னொரு மலையின் கறுப்பைப் போல் அச்சுறுத்தலாம். ஊரில் நீலத் தடத்தில் இறங்கிப் பழகியவர் என்பதை நம்பி எவரையும் உச்சிக்கு அழைத்துச் சென்றுவிடாதீர்கள்.

இனிச் சாலையைப் பற்றி. மலையைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். லிட்டில் காட்டன்வுட்டின் ஒரே சாலை அறுபதுக்கும் மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்களின் கீழே செல்கிறது. கடும்பனி பெய்தால் சாலையை அடைத்து, வெடிவைத்து மேலேயுள்ள பனியை முன்கூட்டியே சரியச் செய்கிறார்கள். அபாயம் மிகும்போது மேலே தங்கியிருப்பவர்கள் கட்டடத்தை விட்டு வெளியேறவே கூடாதென்று உத்தரவு பிறக்கும். 2021 பிப்ரவரியில் இரண்டு நாள்களுக்கும் மேலாக அவ்வாறு அடைபட்டுக் கிடந்தனர். மறுநாள் விமானத்தைப் பிடிக்க வேண்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்! ஆகவே ஊர் திரும்புவதற்கு முந்திய இரவு பள்ளத்தாக்கினுள் தங்காமல் நகரத்திலேயே தங்குவது புத்திசாலித்தனம். பனிக்காலக் கட்டுப்பாடு அமலில் இருக்கும்போது, அதற்குரிய டயரோ சக்கரச் சங்கிலியோ இல்லாதவர்களைக் காவலர்கள் கீழேயே திருப்பியனுப்புவர். வாடகை வண்டியின் டயரைச் சாவி வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

செலவிலும் ஒரு நுட்பம் உண்டு. பெரிய மலைகளில் நெரிசல் நாளில் ஒரு நாள் சீட்டே 200 டாலருக்கு மேல் போகும். பல மலைகளுக்கும் செல்லுபடியாகும் பருவச் சீட்டுகளை வாங்கினால் சிக்கனமாகும். 2008இல் வந்தது எபிக். 2018இல் வந்தது ஐகான். இளவேனிலில் விலை குறைவு; டிசம்பர்த் தொடக்கத்தோடு பொதுவாக விற்பனையை நிறுத்திவிடுவார்கள். பார்க் சிட்டி எபிக்கைச் சேர்ந்தது. மற்ற ஐந்தும் ஐகான் பக்கம். நால்வரில் இருவர் ஒன்றையும் இருவர் மற்றொன்றையும் வாங்கிவிட்டால், ஒரே காரில் சென்றும் காலையில் இரு வேறு மலைகளுக்குப் பிரிய நேரிடும். பணம் கட்டுவதற்கு முன் நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும்.