ஊதுப்பா, ஊது!

ஒரகடம் ரோட்டில் ராத்திரி 'ஊது' என்று யாராவது சொன்னால், அது போலீஸ்காரராகத்தான் இருக்கும். போன வாரம் சொன்னவர் டாக்டர். ஊத வேண்டியவன், என் நாலு வயசுப் பையன்.

ராத்திரியானால் இருமல், மூச்சில் விசில். வாசலில் கன்டெய்னர் லாரிப் புழுதி வேறு. "ஸ்பைரோமெட்ரி எடுத்துடலாமா டாக்டர்?" என்று எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை எடுத்து விட்டேன்.

மூச்சை முழுசாக இழுத்து, வேகமாக, கடைசிவரை ஊத வேண்டிய சோதனை. 1846-ல் லண்டன் டாக்டர் ஜான் ஹட்சின்சன் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊத வைத்து எழுதினார். அந்த லிஸ்ட்டில் மல்யுத்த வீரர்கள்கூட உண்டு. நாலு வயசு ஆசாமி கிடையாது.

கம்ப்யூட்டர் திரையில் மெழுகுவத்தி. "ஊதி அணைடா கண்ணா!" பையன் 'ஹேப்பி பர்த்டே' பாடிவிட்டு கேக் கேட்டான்.

டாக்டர் சிரித்தார். "அஞ்சாறு வயசுக்கு மேலதான் சார் இது ஒழுங்கா வரும். ஆஸிலோமெட்ரின்னு ஒண்ணு இருக்கு. சும்மா மூச்சு விட்டாலே போதும். ஆனா எல்லா ஊர்லயும் கிடையாது. அதுவரைக்கும் நீங்கதான் மெஷின். ராத்திரி எத்தனை தடவை முழிக்கிறான், ஓடினா இளைக்குதா, இன்ஹேலர் அடிச்சா குறையுதா, எழுதிட்டு வாங்க."

நைட் ஷிப்ட்காரனான நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மூணு மாசக் கணக்கையும் மனப்பாடமாகச் சொன்னாள்.

"வீட்ல யாராவது சிகரெட்?"

"மொட்டை மாடியிலதான்... எப்பவாவது..." என்று இழுத்தேன்.

"எங்கப்பா நல்லா ஊதுவாரு அங்கிள்!" என்றான் பையன்.

பாக்கெட் அங்கேயே குப்பைக்கூடைக்குப் போனது. இன்று ஆறாவது நாள்.