சாவியைக் குடுங்க

கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஒயின் ருசி பார்க்கும் கூடங்களில் ஒரு படிக்கம் வைத்திருப்பார்கள். தாத்தா வெற்றிலை துப்புவாரே, அது மாதிரி. ஒயினைச் சுழற்றி, முகர்ந்து, வாய்க்குள் உருட்டி, அதில் துப்பிவிட வேண்டும். காசு கொடுத்ததைத் துப்புவதாவது! நான் முழுங்கினேன். மனைவி சமர்த்தாகத் துப்பினாள்.

"நாவல்பழ வாசனை" என்றாள். (ரசத்தை முகர்ந்தே உப்பு சொல்கிற மூக்கு சார் அது!) எனக்கு எல்லாம் ஒன்றுதான். வெட்கமில்லை. 1976-ல் பாரிஸில் லேபிளை மறைத்து ஊற்றியபோது, பிரெஞ்சு நிபுணர்களே சிவப்பு, வெள்ளை இரண்டிலும் நாபாவுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு முழித்தார்கள்.

இதை மூன்றாவது கூடத்தில் நான் உரக்க விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி கை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொட்டால் அங்கே குற்றம். அவள் லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம். "உனக்கு பயம்" என்று சொல்லிச் சொல்லி ஒருநாளும் சாவியைக் கொடுத்ததில்லை நான். கொடுத்தேன்.

நெடுஞ்சாலை 29-ல் ஒரு லாரியை அநாயாசமாகத் தாண்டினாள்.

"மெதுவா..." என்றேன்.

"அதையும் முழுங்கிடுங்க" என்றாள்.